சித்திரைத் திருவிழாவில் நமக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். எனக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை ஆகாது. ஒன்பது வயது மகளுக்கு வேர்க்கடலையும் எள்ளும் ஒவ்வாமை. மாமனாருக்கு இருபது வருடச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். மாமியார் வெங்காயம், பூண்டு தொடமாட்டார். கணவருக்கு எல்லாம் ஒத்துக்கொள்ளும். மற்ற நான்கு பேரும் ஒதுக்குவதையெல்லாம் அவர்தான் தீர்த்துவைக்கிறார்.

இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு மதுரையில் வருடாவருடம் திருவிழா பார்க்கிறோம். பங்குனி முடியும்போதே சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் போனில் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தும் அளவும் உங்கள் மருத்துவர் சொல்கிறபடிதான்.

கோயில் சாப்பாடு எல்லாம் சைவம்தானே, அதில் என்ன ஆபத்து?

வேர்க்கடலை, எள், கோதுமை, பால், முந்திரி எல்லாமே சைவம்தான். ஒவ்வாமைக்கு அது ஒரு பதிலே இல்லை.

கல்யாண வீடு என்றால் சமையல்காரர் ஒருவர், அவரைப் பிடித்துக் கேட்டுவிடலாம். சித்திரைத் திருவிழா அப்படி இல்லை. அழகர் மலையிலிருந்து மதுரைக்கு வருகிற இருபது கிலோமீட்டர் சொச்சம் வழியில், அவர் தங்கிப் போகிற நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். அது போக, தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுக்கிறவர்கள். ஒவ்வொரு அண்டாவும் ஒவ்வொரு கை. புளியோதரை வாளியில் இருந்த கரண்டியே அடுத்து தயிர்சாத வாளிக்குள் போகும். பொட்டலமாகக் கொடுத்தால் மேலே எதுவும் எழுதியிருக்காது.

இன்னொன்று, ஒரே வீட்டில் பல கட்டுப்பாடு இருந்தால் ஒருவருக்கு ஆகிறது இன்னொருவருக்கு ஆகாது. பானகம் எனக்கும் மகளுக்கும் ஆகும், மாமனாருக்கு ஆகாது. சுண்டல் மாமனாருக்கு நல்லது, எனக்குச் சந்தேகம். எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சுவது வெள்ளைச் சோறு. அதிலும் மாமனாருக்கு அளவு. ஐந்து பேரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடுகிற ஆசையை நாங்கள் விட்டு நாளாகிறது. ஆளுக்கு ஒன்று தேறினால் போதும்.

"கடலை போட்டிருக்கா?" என்று கேட்டால் போதாதா?

போதாது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இதைத்தான்.

மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது ஒரு பந்தலில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தார்கள். "தம்பி, இதுல கடலை போட்டிருக்கா?" என்று கேட்டேன். "கடலைப்பருப்பு மட்டும்தான்க்கா, நிலக்கடலை போடல" என்றான் அந்தப் பையன். பொய் சொல்லவில்லை. கிளறிப் பார்த்தேன், ஒரு வேர்க்கடலைகூட இல்லை. நாலு வாய் சாப்பிட்டதும் பிள்ளையின் கீழுதடு தடித்தது, கழுத்தெல்லாம் சிவந்து திட்டுத்திட்டாக எழும்பியது. அப்புறம் ஆஸ்பத்திரி. மறுநாள் கணவர் போய் விசாரித்தபோது தெரிந்தது: தாளித்தது மரச்செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில். திருவிழா என்று நல்ல எண்ணெயாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள், பாவம்.

நன்றாகச் சுத்திகரித்த கடலை எண்ணெயில் புரதம் கிட்டத்தட்ட இருக்காது. செக்கெண்ணெயில் தங்கிவிடும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்தப் புரதம்தான். "செக்கு எண்ணெய், கலப்படமே இல்லை" என்று பெருமையாகச் சொன்னால் மற்றவர்களுக்கு நல்ல செய்தி, எங்களுக்குக் கெட்ட செய்தி.

நம் மொழியில் 'கடலை' என்ற ஒரு சொல் பல பயிருக்குப் பொது. கடலைப்பருப்பு, கடலை மாவு, கொண்டைக்கடலை, பொரிகடலை நான்கும் ஒரே செடியிலிருந்து வருபவை, வேர்க்கடலை இல்லை. கடலை மிட்டாயும் கடலை எண்ணெயும் வேர்க்கடலை. கடலை மாவில் போட்ட பஜ்ஜி கடலை எண்ணெயில் பொரிகிறது. முன்னதும் பின்னதும் வேறு வேறு செடி. போதாததற்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். இங்கே நிலக்கடலை என்றால் புரியும். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் மல்லாட்டை அல்லது மணிலா. யாழ்ப்பாணத்தில் கச்சான்.

அதனால் இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். "வேர்க்கடலை, நிலக்கடலை முழுசாகவோ பொடியாகவோ போட்டிருக்கிறதா?" பதில் வந்ததும், "தாளித்தது, பொரித்தது என்ன எண்ணெய்?" இரண்டாவது கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

எள், கோதுமை, பாலுக்கும் இப்படித்தானா?

அப்படியேதான். "எள் இருக்கா?" என்றால் எள்ளுருண்டையை நினைத்துக்கொண்டு "இல்லை" என்பார்கள், சோறு நல்லெண்ணெயில் மினுமினுக்கும். எண்ணெய் என்ற சொல்லே எள்ளும் நெய்யும் சேர்ந்ததுதான், ஆனால் இன்று யாருக்கும் அந்த எள் காதில் விழுவதில்லை. நல்லெண்ணெய் என்றே கேளுங்கள்.

கோதுமை என்றால் சப்பாத்தி மாவு என்றுதான் பலர் மனதில் இருக்கிறது. கேசரி ரவையில் செய்தது, பாயசத்தில் சேமியா, பரோட்டாவில் மைதா. மூன்றும் கோதுமைதான் என்பது நன்றாகச் சமைக்கிறவர்களுக்கே தோன்றுவதில்லை. "கோதுமை, மைதா, ரவை, சேமியா" என்று நான்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்.

பாலுக்கு: பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், கோவா. "பால் ஊத்தலைங்க, நெய் மட்டும்தான்" என்ற பதிலை எத்தனையோ முறை கேட்டாயிற்று.

யாரிடம் கேட்பது? பரிமாறுகிறவரிடமா?

பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் தெருப்பிள்ளைகள். உற்சாகமாக நிற்பார்கள், அண்டாவுக்குள் என்ன போனது என்று தெரியாது. பந்தலுக்குப் பின்னால் அடுப்பு இருக்கும், அதன் பக்கத்தில் வியர்த்து வழிந்துகொண்டு ஒரு சமையல்காரர் நாற்காலியில் சாய்ந்திருப்பார். அவரிடம் போங்கள். "அண்ணே, சாப்பாடு பிரமாதமா மணக்குது, பிள்ளைக்கு ஒண்ணு ரெண்டு சாமான் ஒத்துக்காது, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்தால் மசாலாப் பாக்கெட்டைக்கூட எடுத்துக் காட்டுவார்கள். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். சீலியாக் என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது, புரியாததற்குப் பதிலாக "ஒண்ணும் ஆகாதும்மா" என்ற ஆறுதல்தான் வரும். சாமான் பெயரைக் கேட்டால் சாமான் பெயர் வரும்.

சோறு எங்கிருந்தோ வேனில் வந்து இறங்கியிருந்தால், கேட்க ஆளே இல்லை என்று அர்த்தம். அங்கே நாங்கள் சாப்பிடுவதில்லை.

புளியோதரையில் வேர்க்கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டால்?

கூடாது. வறுத்தாலும் வதக்கினாலும் வேர்க்கடலைப் புரதம் அழியாது. எண்ணெயோடு சேர்ந்து ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருக்கும். புளியோதரை எங்கள் வீட்டுக்கே எதிரி: வேர்க்கடலை, பல இடங்களில் வறுத்த எள்ளுப்பொடி, நல்லெண்ணெய், பெருங்காயம். ஒரு கைப்பிடிக்குள் மகளும் நானும் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வோம். ருசியாக இருக்கும் என்று கணவர் சொல்கிறார்.

சர்க்கரைப் பொங்கலிலும் கவனம். முந்திரி விலைக்குப் பயந்து பாதிக்கு உடைத்த வேர்க்கடலையை வறுத்துப் போடுவதும் உண்டு. நெய்யில் சிவந்தபின் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பெருங்காயத்தில் கோதுமையா? நம் சாப்பாடு எல்லாம் அரிசிதானே?

இட்லி, தோசை, சோறு, சாம்பார், ரசம். இதில் கோதுமை எங்கே என்றுதான் நானும் நினைத்தேன். நோய் என்னவென்று தெரிந்தபின்னும் ஆறு மாதம் வயிறு சரியாகவில்லை. கடைசியில் சமையலறையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படித்தபோது பெருங்காய டப்பாவில் சிக்கியது.

தூய பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடிகிற பிசின். காரம் தாங்காது என்பதால் கடையில் விற்பது கூட்டுப் பெருங்காயம்: பிசினோடு மாவும் கோந்தும் சேர்ந்தது. அந்த மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா, சிலவற்றில் அரிசி. தூளில் மட்டும்தான் அப்படி, கட்டியில் இல்லை என்பார்கள். கட்டியிலும் உண்டு, லேபிளைப் பாருங்கள்.

எவ்வளவு சேரும் என்று ஒருநாள் கணக்குப் போட்டேன். குளூட்டன் என்பது கோதுமையில் இருக்கிற புரதம், எனக்கு ஆகாதது அதுதான். குளூட்டன் இல்லாத உணவு என்று பாக்கெட்டில் போட, இந்தியாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. 50 கிலோ சாம்பார் அண்டாவில் 10 கிராம் பெருங்காயம் போடுகிறார்கள், அதில் பாதி மாவு, மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால் 500 மில்லிகிராம். கிலோவுக்கு 10 வருகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் திருவிழாச் சமையல்காரர் கிராம் பார்த்துப் போடுவதில்லை. டப்பாவைத் திறந்து கவிழ்த்தார் என்றால் கணக்கு 20-ஐத் தாண்டிவிடும். அதனால் நான் சாம்பாரும் ரசமும் வெளியே தொடுவதில்லை.

சீலியாக் உள்ளவர்களுக்கு ஒரு சிக்கல்: சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாமல் போகலாம், சிறுகுடல் உள்ளே புண்ணாகிக்கொண்டிருக்கும். "போன வருஷம் சாப்பிட்டேன், ஒண்ணும் செய்யல" என்பது அத்தாட்சி ஆகாது. வட இந்தியாவைவிட நம் பக்கம் இந்த நோய் மிகக் குறைவு. அதனால்தான் கேள்விப்பட்டவர்களும் குறைவு.

மாவு மில்லையும் மறக்கவேண்டாம். மிளகாய்ப்பொடியும் கடலை மாவும் அரைக்கிற மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். முதலில் விழுகிற கைப்பிடி அவருடையது.

அப்படியென்றால் எதைத்தான் சாப்பிடுவது?

கண்ணுக்கு முழுசாகத் தெரிகிற பொருள், நம் கையால் உரிக்கிற பொருள். வாழைப்பழம், நம் எதிரே சீவிய இளநீர், நாமே வெட்டிக்கொள்கிற வெள்ளரி. வெட்டி வைத்த தர்பூசணி ஒவ்வாமைக்குப் பயமில்லை, ஈக்குத்தான் பயம்.

அழகர்கோவில் தோசை நல்ல தேர்வு. அரிசியும் தோல் உளுந்தும் அரைத்து, மிளகு போட்டு, நெய்யில் சுடுவது. கனமாக, மொறுமொறுவென்று இருக்கும். பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நெய் ஆகாது. பெருங்காயம் போட்டார்களா என்று எனக்காக ஒரு கேள்வி கேட்பேன். மீனாட்சியம்மன் கோயிலில் 2019 முதல் வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்கிற லட்டு கடலை மாவில் செய்தது. மகளுக்கு அந்தக் 'கடலை' பிரச்சினை இல்லை, மாமனாருக்குச் சர்க்கரைதான் பிரச்சினை.

திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடக்கிற விருந்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வருவோம். எனக்கும் மகளுக்கும் இலை போடுவதில்லை. மற்ற மூவரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் வாசலில் ஆள் பார்ப்போம், அதுவும் ஒரு விருந்துதான்.

மீதி வயிறு கையில் கொண்டுபோன டப்பாவால் நிரம்புகிறது. காலையிலேயே வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறோம். பசியோடு போனால் மனசு சமாதானம் தேடும், "கொஞ்சமாச் சாப்பிட்டா என்ன" என்று.

நீர்மோர், பானகம், ஜிகர்தண்டா?

பானகத்தில் வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சை. ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு இதைவிட எளிமையானது கிடையாது. தண்ணீர் எங்கே பிடித்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

நீர்மோரில் பெருங்காயம் கரைப்பார்கள், எனக்கு ஆகாது. பால் செரிக்காதவர்களுக்குப் புளித்த மோர் ஓரளவு தாங்கும், ஏனென்றால் புளிக்கும்போது பால் சர்க்கரை குறைகிறது. பால் ஒவ்வாமை வேறு சமாச்சாரம். அது புரதத்துக்கு எதிரானது, அவர்கள் ஒரு மிடறும் குடிக்கக்கூடாது.

ஜிகர்தண்டா: சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். பாதாம் பிசின் மரத்தின் கோந்து, கொட்டை இல்லை. ஆனால் சில கடைகளில் மேலே பருப்பைத் தூவுவார்கள், ஐஸ்கிரீம் கரண்டி ஒன்றுதான். கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் விட்டுவிடுவது நல்லது.

சர்க்கரை உள்ளவர் விரதம், வரிசை எல்லாம் எப்படிச் சமாளிப்பது?

எல்லாரும் இனிப்பைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். திருவிழாவில் எனக்குப் பயம் நேரத்தைப் பற்றி. இன்சுலின் போட்டுக்கொண்டு, பந்தியில் இடம் கிடைக்க ஒரு மணி நேரம் நின்றால் சர்க்கரை இறங்கிவிடும். மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் மாமனாருக்கு அப்படித்தான் ஆனது. கை நடுங்கியது, பேச்சு குழறியது, சட்டை நனைந்துவிட்டது. வெயில் என்று நினைத்துச் சுற்றி நின்றவர்கள் விசிறினார்கள். யாரோ நீட்டிய பானகத்தைக் குடிக்க வைத்தோம், கால் மணி நேரத்தில் தெளிந்தார். வருடம் முழுக்க அவருக்கு ஆகாத பானகம் அன்றைக்கு மருந்து.

இலை முன்னால் சோறு விழுந்தபின் ஊசி போடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். சில இன்சுலினுக்கு அது சரிவரும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சர்க்கரை அளவு. கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி. மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் "பரவாயில்லை" என்பது பேச்சுதான், இரத்தத்தில் எல்லாம் ஒன்று.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியத்தால் ஆபத்து. மேலே நான் நல்லது என்று சொன்ன இரண்டும் அவர்களுக்கு இல்லை.

"சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது" என்கிறார்களே?

சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். வாதாடிப் பயனில்லை. இரண்டு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிறவருக்குக் கொடுத்துவிடுகிறேன். பிரசாதத்தை மதிப்பதற்குத் தின்றே ஆகவேண்டும் என்று எங்கும் இல்லை. திருநீறு, குங்குமம், பூ எல்லாம் பிரசாதம்தான். என் மாமியார் இதில் என்னைவிடக் கெட்டிக்காரர். வற்புறுத்துகிறவர்களிடம், "பேத்திக்குப் போன தடவை ஆஸ்பத்திரிச் செலவு இவ்வளவு" என்று தொகையைச் சொல்லிவிடுவார். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

பிள்ளையின் கையை மட்டும் உடனே கழுவுங்கள். சோப்பும் தண்ணீரும், அல்லது ஈரத்துணி. கையில் தேய்க்கிற சானிட்டைசர் கிருமியைக் கொல்லும், வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது.

சான்றிதழ் இருக்கிற கோயில் பிரசாதம், பாக்கெட் தின்பண்டம் பாதுகாப்புதானே?

கோயில் மடப்பள்ளிகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 'போக்' என்ற திட்டத்தில் சான்று தருகிறது. அது சுத்தத்துக்கு. வேர்க்கடலை இருக்கிறதா என்பதற்கு இல்லை.

பாக்கெட்டில், 2020 லேபிள் விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம், பால், முட்டை, மீன், இறால் வகை, வேர்க்கடலை, மரக்கொட்டைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவற்றைத் தனியாக அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் எள் இல்லை, கடுகும் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் கட்டாயம். இங்கே எள் ஒவ்வாமை உள்ளவர்கள் சேர்மானப் பட்டியலை முழுக்கப் படிக்கவேண்டியதுதான். 'மசாலாப் பொருட்கள்' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை.

ஒவ்வாமை வந்துவிட்டால்?

தடிப்பு மட்டும் என்றால் மருத்துவர் கொடுத்த மாத்திரை. மூச்சிரைப்பு, விடாத இருமல், குரல் கம்முதல், நாக்கு வீக்கம், தொடர்வாந்தி, தலைசுற்றிச் சாய்தல், இவற்றில் எது வந்தாலும் அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில். செட்டிரிசின் போன்ற ஒவ்வாமை மாத்திரை அரிப்பை அடக்கும், அடைக்கிற மூச்சுக்குழாயைத் திறக்காது. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு வாங்கினால் உட்காரவையுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும்.

தானே குத்திக்கொள்கிற அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்காது. எங்கள் மருத்துவர் மருந்தையும் சிரிஞ்சையும் எழுதிக்கொடுத்து, எத்தனை கோடு என்று காட்டி, எங்கள் இருவரையும் குத்திப் பழகவைத்தார்.

தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் ஆம்புலன்ஸ் நினைத்த மாத்திரத்தில் நுழைய முடியாது. மருத்துவ முகாம் எங்கே போட்டிருக்கிறார்கள், எந்தச் சந்து வழியாக வெளியே வரலாம் என்று போனவுடன் பார்த்துவைக்கிறோம். கூட்டத்தின் நடுவில் நிற்பதில்லை, ஓரம்தான். தேர் ஓரத்திலிருந்தும் தெரியும்.

சித்திரை வெயிலில் மருந்து கெட்டுப்போகாதா?

40 டிகிரி வெயிலில், நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும். ஐஸ் மேல் நேராக வைத்தாலும் கெடும், உறைந்த இன்சுலின் உதவாது. ஈரத்துணி சுற்றிய டப்பாவைத் துணிப்பையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்கிறோம். பையை யாரிடமும் "கொஞ்சம் பிடிங்க" என்று கொடுப்பதில்லை.

மற்ற திருவிழாக்கள் எப்படி?

ஆடிக்கூழ் எனக்குப் பிடித்தது. கேழ்வரகும் நொய்யும், குளூட்டன் கிடையாது. சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போடுவதற்குள் மாமியாருக்கு ஒரு சொம்பு எடுத்துவிடவேண்டும். குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைப்பது எல்லாவற்றையும்விட நிம்மதி: நம் பானை, நம் அரிசி, நம் கரண்டி.

விநாயகர் சதுர்த்தியில் கொழுக்கட்டை அரிசி மாவு, பூரணம் எள்ளா தேங்காயா என்று பிட்டுப் பார்க்காமல் தெரியாது. கிடா விருந்தில் குழம்பு கெட்டிப்பட என்ன அரைத்து ஊற்றினார்கள் என்று கேளுங்கள். பழநிப் பஞ்சாமிர்தத்தில் கோதுமையும் வேர்க்கடலையும் இல்லை. தேன் இருப்பதால் ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது.

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கேட்டிருந்தார்கள். கோயிலைச் சுற்றி வரிசையாகக் கச்சான் கடைகள். வறுக்கிற வாசனை மட்டும் பட்டுப் பெரிய ஒவ்வாமை வருவது அரிது, பறக்கிற தோலும் தூளும் பட்ட கையை வாயில் வைப்பதுதான் வினை.

அட்டையில் என்ன எழுதுவது?

மகள் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருப்பது இவ்வளவுதான், பெரிய எழுத்தில்:

"எனக்கு வேர்க்கடலை (நிலக்கடலை, மல்லாட்டை), எள், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் மூச்சு அடைக்கும். தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சு வாங்கினால் என் பையில் ஊசி இருக்கிறது. 108-ஐயும் அம்மாவையும் அழையுங்கள்."

பின்பக்கம் போன் எண். அவள் பெயரை எழுதுவதில்லை, பெயர் தெரிந்தால் கூப்பிட்டு மிட்டாய் கொடுக்க ஆள் வரும்.

எல்லாரும் சாப்பிடும்போது பிள்ளை ஏங்காதா?

ஏங்குவாள். இரண்டு வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்பினாள்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரைக்காரர்கள் சொம்பில் சர்க்கரையும் பொரிகடலையும் நிரப்பி, வாழையிலையால் வாயைக் கட்டி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவது வழக்கம். காட்டி முடித்ததும் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். மூன்றாம் வருடம் மாமியார் ஒரு சின்னச் சொம்பைத் தேய்த்துப் பேத்தி கையில் கொடுத்தார். பொரிகடலை மட்டும் சில்லறையில் வாங்குவதில்லை, வேர்க்கடலைச் சாக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருப்பார்கள். முத்திரை போட்ட பாக்கெட்டாக வாங்கி, அவளே பிரித்து, அவளே நிரப்பினாள். விடியற்காலையில் வைகைக் கரையில் அப்பா தோளில் உட்கார்ந்து சொம்பைத் தூக்கிப் பிடித்தாள்.

அப்புறம் இறங்கி, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தாள். கொடுக்கிறதுக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்குக் கடலைப் பயிறு ஒத்துக்குமா, சர்க்கரை வியாதி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். ஒரு பாட்டி சிரித்துவிட்டு, எனக்குச் சர்க்கரைதான் தாயி, ஒரே ஒரு கடலை கொடு என்று வாங்கிக்கொண்டார். சொம்பின் அடியில் மிஞ்சியதை வீட்டுக்கு வருகிற வழியில் அவள் தின்று தீர்த்தாள்.